ஹௌமேயாவின் பெயரும் ஹௌமேயாவின் மலையும்

ஹவாய்த் தீவுகளின் மகப்பேற்றுத் தெய்வத்தைக் கௌரவிக்கும் விதமாக நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஒரு குறுங்கோளுக்கு ஹௌமேயா என்று பெயரிடப்பட்டது என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் உண்டு. வானியல் பற்றித் தமிழில் எழுதுவோர் அதைச் சற்றே சொல் மாற்றி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே விட்டத்துக்கும் சுற்றுக்காலத்துக்கும் போய்விடுவார்கள். அறிவியல் கட்டுரையில் அதற்குமேல் எதிர்பார்க்கலாகாது என்று விட்டுவிடலாம். ஆனால் தொன்மம் குறித்தும் படிமம் குறித்தும் நாள்கணக்கில் விவாதிக்கும் நம் இலக்கிய நண்பர்களும் அதே வாக்கியத்தை அதே மெத்தனத்தோடு சொல்கிறார்கள்; போதாக்குறைக்கு, தொன்மமும் அறிவியலும் கைகோக்கும் அழகிய தருணம் என்று வியப்பும் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிணக்கு அந்தக் 'கௌரவித்தல்' என்ற சொல்லோடுதான். யார், யாரை, எந்த உரிமையில் கௌரவித்தார்கள்? கௌரவிக்கப்பட்டவளின் வீட்டார் அவ்வேளையில் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார்கள்? இவற்றைக் கேளாமல் அந்த வாக்கியத்தை எழுதுவது இலக்கியம் கற்றவர்க்கு அழகன்று என்பது என் தரப்பு.

முதலில், அப்பெயர் வந்த வழியைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் பாலோமார் மலையிலிருந்து 2004 மே மாதம் எடுக்கப்பட்ட படங்களில், அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று மைக் பிரௌனின் குழுவினர் இப்பொருளைக் கண்டனர். கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் என்பதால் அதற்குச் 'சான்டா' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 2005-இல் அதற்கு இரு துணைக்கோள்கள் இருப்பது தெரியவந்தபோது, சான்டாவின் வண்டியை இழுக்கும் கலைமான்களின் பெயர்களில் இரண்டான ருடால்ஃப், பிளிட்சன் என்பவை அவற்றுக்கு வாய்த்தன. செல்லப்பெயர் செல்லப்பெயர்தானே என்பீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

பிரௌன் குழு தன் முடிவுகளை வெளியிடுவதற்கு முன்பே, 2005 ஜூலை இறுதியில், ஸ்பெயின் நாட்டின் ஆண்டலூசிய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோசே லூயிஸ் ஓர்டிஸின் குழு அதே பொருளைத் தான் கண்டுபிடித்ததாக அறிவித்தது. சியரா நெவாடா வானாய்வகத்தில் 2003 மார்ச்சில் எடுத்த படங்களே அவர்களுடைய சான்று. அறிவிப்புக்குச் சில நாள் முன்னதாக, பிரௌன் குழு தொலைநோக்கியை எத்திசையில் திருப்பியிருந்தது என்பதைக் காட்டும் இணையக் குறிப்புகளை அந்த ஸ்பானிய நிறுவனத்தின் கணினிகளிலிருந்து யாரோ பார்வையிட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. ஏற்கெனவே தாங்கள் கண்டதைச் சரிபார்க்கவே பார்த்தோம் என்றார் ஓர்டிஸ். பிரௌன் அதை ஏற்கவில்லை. ஸ்பானியர் அட்டேசினா என்ற பழைய ஐபீரியத் தெய்வத்தின் பெயரை முன்மொழிந்தனர். கலிபோர்னியக் குழு ஹௌமேயா என்றது. 2008 செப்டம்பர் 17 அன்று சர்வதேச வானியல் ஒன்றியம் தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பென்று சொல்வதைவிடப் பஞ்சாயத்து என்பதே பொருந்தும். கண்டுபிடித்த இடம் சியரா நெவாடா. பெயர் கலிபோர்னியர் சொன்னது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை, வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகிறது. யாருக்கு முதன்மை என்பதில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றும் மோதிக்கொண்டன. இருவரில் ஒருவர் மனமும் நோகாதபடி அந்த இடத்தைக் காலியாக விடுமளவுக்கு நுண்ணுணர்வு ஒன்றியத்துக்கு இருந்தது. மூன்றாவதாக ஒரு தரப்பும் அங்கே இருந்தது. அவர்களுடைய மூதாயின் பெயரைத்தான் இந்த இரு தரப்பும் வழக்கில் கையாண்டன. அந்தத் தரப்புக்கென்று பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. காலியாக விடுவதற்கும் கட்டம் வேண்டுமல்லவா?

விதி அப்படி. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள இவ்வகைப் பொருள்களுக்குப் படைப்புத் தொன்மங்களில் வரும் தெய்வங்களின் பெயர்களைச் சூட்ட வேண்டும்; முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு; ஏற்பதும் மறுப்பதும் வானியலாளர் குழுவின் கையில். உலகத்தின் எல்லாப் படைப்புக் கதைகளையும் ஒரு பெயர்க்கிடங்காக்கிச் சாவியைத் தொலைநோக்கி வைத்திருப்பவரிடம் கொடுக்கும் ஏற்பாடு இது.

இக்கிடங்கிலிருந்து பெயர்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதற்கு, அதே 2008-இல் பெயரிடப்பட்ட மகேமகேயைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2005-இல் ஈஸ்டர் பண்டிகை கழிந்த சில நாளில் கண்டுபிடிக்கப்பட்டதால் அதன் செல்லப்பெயர் 'ஈஸ்டர் முயல்'. நிலைத்த பெயரிலும் ஈஸ்டரின் சாயல் இருக்கட்டும் என்று எண்ணி, ஈஸ்டர் தீவின் படைப்புத் தெய்வமான மகேமகேயைத் தேர்ந்தார்கள். அத்தீவுக்கு 'ஈஸ்டர்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1722-இல் ரொக்கவீன் என்ற டச்சு மாலுமி ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே போய்ச் சேர்ந்தார், அவ்வளவுதான். தீவினர் தம் மண்ணை ராப்பா நூயி என்கிறார்கள். 1862-இலும் 63-இலும் பெரு நாட்டு அடிமை வணிகர்கள் அவர்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்துச் சென்றார்கள். தொடர்ந்து வந்த நோய்களும் சேர்ந்து, 1877-இல் அங்கே 111 பேர்தாம் எஞ்சினர். அந்த 111 பேரின் வழித்தோன்றல்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் தெய்வம் விண்ணேறியது அம்மக்களின் பொருட்டன்று. ஐரோப்பிய நாட்காட்டியின் ஒரு பண்டிகை இரண்டுமுறை தற்செயலாகப் பொருந்தியதன் பொருட்டு. இதற்குப் பெயரும் கௌரவம்தானாம்.

ஹௌமேயா விஷயத்தில் அவ்வளவு விளையாட்டுத்தனம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரை முன்மொழிந்தவர் பிரௌன் குழுவிலிருந்த யேல் பல்கலைக்கழகத்து டேவிட் ரபினோவிட்ஸ். ஹவாய் மரபில் ஹௌமேயா கல்லின் கூறு. இந்தக் குறுங்கோளும் மெல்லிய பனித்தோல் போர்த்த பாறை. தெய்வம் தன் உடலின் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து பிள்ளைகளைப் பெற்றவள். குறுங்கோளோ பண்டொரு மோதலில் சிதறித் தன் உடலின் துண்டுகளையே துணைக்கோள்களாகவும் உறவுக்கூட்டமாகவும் விண்ணில் விட்டிருக்கிறது. 3.9 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும் வேகத்தில் அது உருண்டை வடிவையே இழந்து, ஒரு பக்கம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டரும் மறுபக்கம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டருமாக நீண்டு கிடக்கிறது. துணைக்கோள்கள் முதன்முதலில் புலப்பட்டதும் ஹவாயின் மௌனா கேயா மலைமேலுள்ள கெக் தொலைநோக்கியின் வழியாகவே. இத்தனை பொருத்தம் உள்ள பெயர் வானியலில் அரிது.

நன்னூல் பாடம் நடத்துகையில் பெயரை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பகுப்போம். முக்கண்ணன் காரணப்பெயர், மரம் இடுகுறிப்பெயர் என்று மாணவர் ஒப்பிப்பார்கள். ஆண்டுதோறும் ஒரு மாணவராவது எழுந்து, காரணம் யாருக்குத் தெரிந்திருந்தால் காரணப்பெயர் என்று கேட்டுவிடுவார். உரையாசிரியர்களை நோக்கியே கேட்கத்தக்க கேள்வி அது. ஹௌமேயா என்ற பெயருக்குக் காரணம் இருக்கிறது, அக்காரணம் அழகானதும்கூட. ஆயினும் அது பாறையிலிருந்து தொடங்கித் தெய்வத்தைத் தேடிச்சென்ற காரணம். கல், பிள்ளைப்பேறு, சிதறல் என்று தனக்கு வேண்டிய மூன்று நான்கு குணங்களைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது. அந்த மீதி என்ன என்பதை இலக்கிய வாசகர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

ஹௌமேயாவுக்கு முன் பிள்ளைப்பேறு என்றால் தாயின் வயிற்றைக் கீறி எடுப்பதுதான் என்கிறது ஒரு ஹவாய்க் கதை. தலைவன் ஒருவனின் மகள் அவ்வாறு சாகக் கிடந்தபோது, இயல்பாகப் பெற்றெடுக்கும் வழியை அவளுக்குக் காட்டியவள் ஹௌமேயா. முதுமை எய்தும்போதெல்லாம் இளமையாகத் திரும்பிவந்து தன் பேரர்களையும் கொள்ளுப்பேரர்களையுமே மணந்து குலத்தைப் பெருக்கியவளும் அவளே. மகப்பேற்றுத் தெய்வம் என்ற இரண்டு சொல் முத்திரையில் அடங்குகிறவளா அவள்? பல மரபுகளில் அவளும் நிலத்தாயான பப்பாவும் ஒருவரே. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், சற்றுப் பின்னால் தேவைப்படும்.

துணைக்கோள்களின் கதை இன்னும் வேடிக்கை. பெரியதற்கு ஹிஇயாகா, சிறியதற்கு நாமகா என்று மகள்கள் இருவரின் பெயர்கள். (இடைப்பிறவரலாக ஒன்று: 'ஹிஇ' என்று எழுதினால் தமிழ்க்கண் அதை அளபெடையாக வாசித்து நீட்டும். ஹவாய் மொழியில் நடப்பது நேர்மாறு. இரண்டு இகரங்களுக்கு நடுவே தொண்டையில் காற்று ஒரு கணம் தடைப்பட்டு நிற்க வேண்டும். பதின்மூன்றே எழுத்துகள் கொண்ட அம்மொழியில் அந்த நிறுத்தமும் ஓர் எழுத்து. அதை விட்டால் சொல் வேறாகும். நாம் அச்சிடும் 'ஹையாகா' போன்ற வடிவங்கள் ஆங்கில நாவின் சோம்பலைத் தமிழில் நகலெடுத்தவை.) 'ஹிஇ' என்றால் குழந்தையைக் கைகளில் ஏந்துதல். அவளுடைய முழுப்பெயர், அக்காள் பெலேயின் மார்பில் ஏந்தப்பட்ட ஹிஇயாகா என்று விரியும். கடல்கடந்த பூர்விகத் தீவிலிருந்து வந்தபோது, முட்டை வடிவிலிருந்த தங்கையைப் பெலே தன் மார்போடு அணைத்துக் கொண்டுவந்தாள் என்பது கதை. ஆகவே பெலே இல்லாமல் ஹிஇயாகா என்ற பெயரே இல்லை.

நாமகா கடல், பெலே எரிமலை. நாமகா சினந்து தீவு தீவாகத் துரத்தியதால்தான் பெலே தென்கிழக்கே ஓடி ஓடி, முடிவில் கிலௌவேயா எரிமலையில் குடியேறினாள். பிறகு காவாய்த் தீவிலிருக்கும் தன் காதலனை அழைத்துவரத் தங்கையை அனுப்புகிறாள். நாற்பது நாளில் திரும்ப வேண்டும், அவனைத் தீண்டலாகாது என்பது பெலேயின் நிபந்தனை. என் லெஹுவா மரத்தோப்பையும் தோழி ஹோபோயேயையும் நீ காக்க வேண்டும் என்பது ஹிஇயாகாவின் நிபந்தனை. நாள் தவறுகிறது. தங்கைமேல் ஐயமுற்ற பெலே தோப்பை எரித்துத் தோழியையும் கல்லாக்கிவிடுகிறாள். ஹவாய் மொழிச் செய்தித்தாள்களில் 1861-இல் தொடங்கி மீண்டும் மீண்டும் தொடராக வெளிவந்த பெருங்கதை இது. அக்காள் தங்கையரின் பகையையும் பாசத்தையும் இவ்வளவு விரித்துப் பேசும் வாய்மொழிக் காப்பியங்கள் உலகில் பல இருக்க வாய்ப்பில்லை.

விண்ணில் இக்குடும்பத்தின் நிலை என்ன? தாயும் இரு மகள்களும் நெப்டியூனுக்கு அப்பால். கதையின் மையமான பெலேயோ, 1979-இல் வாயேஜர் வியாழனைக் கடந்தபோதே அதன் துணைக்கோள் அயோவின் எரிமலை ஒன்றுக்குப் பெயராகிவிட்டாள். எரிமலைக்கு எரிமலைத் தெய்வம், நியாயம்தான் என்பார்கள். ஆனால் ஏந்தியவளை வியாழனிடம் விட்டுவிட்டு, ஏந்தப்பட்டவளை மட்டும் சூரிய மண்டலத்தின் விளிம்புக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதை அக்கதையை ஒருமுறை முழுதாகக் கேட்டவர் எவரும் கவனிக்காமல் இருக்க முடியாது. பெயர்ப்பட்டியலை வைத்திருப்போர்க்குக் கதை தேவைப்படவில்லை. பெயர்ச்சொல் போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் கவிஞர்களின் மனக்குறை, இறந்த பாறைக்கு எந்தப் பெயர் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 136108 என்ற எண்ணே போதும் என்று அவர்கள் சொன்னால் நானும் உடன்படுவேன். ஆனால் அவர்களும் எண்ணோடு நிற்கத் தயாரில்லை. பெயரும் வேண்டும், பெயரின் ஒளியும் வேண்டும், பெயருக்குரியவர்கள் மட்டும் வேண்டா. நான் இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம், மேலே நினைவில் வைக்கச் சொன்ன செய்திதான்.

ஹவாய் மரபில் மௌனா கேயா வெறும் மலையன்று. வான்தந்தை வாகேயாவுக்கும் நிலத்தாய் பப்பாவுக்கும் பிறந்த தலைமகன். மனிதருக்கு மூத்த உடன்பிறப்பு. பப்பாவும் ஹௌமேயாவும் ஒருவரே என்று கொண்டால், 4,207 மீட்டர் உயரமுள்ள அம்மலை ஹௌமேயாவின் பிள்ளை. பிள்ளையின் தலைமீது நின்று பார்த்து, தொலைவில் ஒரு கல்லைக் கண்டு, அதற்குத் தாயின் பெயரை வைத்தார்கள். அப்பிள்ளையின் தலைமீது நிற்பதற்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1960-இல் வந்த ஆழிப்பேரலை ஹீலோ நகரத்தைச் சிதைத்தது. ஊரின் பொருளாதாரத்தை நிமிர்த்த வழி தேடிய வணிகர் சங்கம் வானியலாளர்களுக்குக் கடிதம் எழுதியது. வந்தவர் ஜெரார்டு கைப்பர். 1964-இல் பொலிஅஹு குன்றுக்குச் சாலை வெட்டிச் சிறு தொலைநோக்கி வைத்துச் சோதித்து, உலகின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று இது என்றார். பொலிஅஹு என்பவள் அம்மலையின் பனித்தெய்வம். வெட்டப்பட்ட முதற்சாலையே அவள் பெயர்கொண்ட குன்றுக்கு. கைப்பரின் பெயரோ, ஹௌமேயா சுற்றிவரும் விண்பகுதிக்கே பெயராகிவிட்டது. 1968-இல் மாநில அரசு மலையுச்சியை 65 ஆண்டுக் குத்தகைக்கு ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தது. அங்கே தொலைநோக்கி நிறுவிய அமைப்புகள் பலவும் நிலத்துக்குக் கொடுத்த வாடகை ஆண்டுக்கு ஒரு டாலர். ஒரு காலத்தில் மேலே 13 தொலைநோக்கிகள் நின்றன.

அந்த நிலம் யாருடையது? ஹவாய் அரசின் முடியுரிமை நிலம். 1893 ஜனவரியில் அரசி லிலிஉவோகலானி, அமெரிக்கப் படையினர் கரையிறங்கி நிற்க, தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் நடத்திய கவிழ்ப்பில் அரியணை இழந்தார். 1895-இல் தம் அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறைவைக்கப்பட்டார். அச்சிறையில் அவர் செய்த வேலைகளுள் ஒன்று, குமுலிபோ என்ற 2,102 அடிப் படைப்புப் பாடலை ஆங்கிலத்தில் பெயர்ப்பது. அது 1897-இல் அச்சேறியது. ஹௌமேயா வருவது அப்பாடலில்தான். நாட்டை இழந்த அரசி, எங்கள் குலம் உலகத்தோற்றத்திலிருந்தே தொடர்வது என்று உலகுக்குச் சொல்ல எடுத்த ஆவணம் அது. 1896-இல் பள்ளிகளில் ஹவாய் மொழிவழிக் கல்வியைச் சட்டம் தடுத்தது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1980-களில் பெற்றோர் தாமே தொடங்கிய மழலைப் பள்ளிகளின் வழியாகத்தான் அம்மொழி மீண்டும் குழந்தைகளின் வாய்க்கு வந்தது. அப்பள்ளிகள் இல்லாதிருந்தால், 2008-இல் ஹௌமேயா என்ற சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த குழந்தைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

நடந்ததை அறிவியலுக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையிலான போர் என்று எழுதுகிறார்களே, அதுதான் எனக்குத் தாளவில்லை. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரிட்டிஷ் வானியலாளர்களை ஹொனலூலுவில் வரவேற்றவர் மன்னர் கலாகௌவா; அதே மன்னர்தாம் 1889-இல் குமுலிபோவை அச்சிட்டவரும். ஒரு கையில் தொலைநோக்கியும் மறு கையில் தொல்பாடலும் வைத்திருக்க அவருக்கு எந்த இடைஞ்சலும் இருக்கவில்லை. 1976-இல் ஹோகூலேஆ என்ற இரட்டைத் தோணி கருவிகள் ஏதுமின்றி விண்மீன்களையும் அலைகளையும் மட்டுமே பார்த்து ஹவாயிலிருந்து தஹிதிக்குச் சென்றது. அத்தோணியின் பெயரே ஒரு விண்மீனின் பெயர்தான். வானத்தைப் பார்க்க வேண்டா என்று இம்மக்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஹவாயினத்தார் எல்லாரும் தொலைநோக்கிகளை எதிர்க்கிறார்கள் என்பதும் உண்மையன்று. ஆதரிப்போரும் அவர்களுள் உண்டு. அவர்கள் எல்லார்க்கும் பொதுவான குறை, தங்களைக் கேட்கவில்லை என்பதுதான்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பிரௌன் குழுவினுடையதே. 2002-இல் கண்டுபிடித்த குவாவரின் பெயர், லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்துப் பூர்வகுடியான டோங்வா மக்களின் படைப்புச் சக்தியினுடையது. பின்னர் அதற்கொரு துணைக்கோள் இருப்பது தெரிந்தபோது, பெயரைத் தேரும் பொறுப்பை அம்மக்களிடமே பிரௌன் விட்டுவிட்டார். குவாவரின் மகன் வேவோட்டின் பெயரை அவர்கள் தந்தார்கள். அமெரிக்க மத்திய அரசின் அங்கீகாரம்கூட இல்லாத ஒரு சிறு குடி, சூரிய மண்டலத்தின் ஓர் உறுப்புக்குப் பெயர் வைத்தது. வானம் இடிந்து விழவில்லை. கௌரவம் என்ற சொல்லை நான் மனமொப்பிப் பயன்படுத்தக்கூடிய இடம் இது.

ஹவாயிலும் பின்னர் வழி திறந்தது. 2017 அக்டோபரில், விண்மீன்களுக்கிடையிலிருந்து வந்த முதல் விருந்தாளி ஹாலேயாகாலா மலையிலுள்ள தொலைநோக்கியில் தென்பட்டபோது, ஔமுவாமுவா என்ற பெயர் ஹவாய் மொழியறிஞர்களின் துணையோடு அமைந்தது. தொலைவிலிருந்து நம்மை நோக்கி முதலில் வந்த தூதன் என்று பொருள். ஹீலோவிலுள்ள இமிலோவா வானியல் மையம் இதற்கென ஒரு திட்டமே தொடங்கியது. ஹவாய் மொழிவழியில் பயிலும் மாணவர்கள் சிறுகோள்களுக்குப் பெயர் உருவாக்கினார்கள். 2019 ஏப்ரலில் உலகம் முதன்முதலில் பார்த்த கருந்துளைப் படத்துக்கு, மொழிப் பேராசிரியர் லாரி கிமுரா குமுலிபோவிலிருந்தே போவெஹி என்ற பெயரை எடுத்துத் தந்தார். சிறையில் அரசி பெயர்த்த அந்தப் பாடலிலிருந்து, அம்மொழியை மீட்டவர்களுள் ஒருவரே எடுத்த சொல். இங்கே காரணம் பெயருக்குள்ளிருந்து வருகிறது.

ஆனால் அதே 2019-இல், போவெஹியைப் பத்திரிகைகள் கொண்டாடி மூன்று மாதம் கழிந்து, ஜூலை 17 அன்று, மௌனா கேயாவின் சாலையில் முப்பது மீட்டர்த் தொலைநோக்கியின் கட்டுமான வண்டிகளை மறித்து நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை கைது செய்தது. பெரும்பாலும் முதியவர்கள். சிலர் சக்கர நாற்காலியில் இருந்தார்கள். அன்றே ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். 2015 ஏப்ரலிலும் இதே மலையில் 31 பேர் கைதானார்கள். அந்த ஆண்டின் இறுதியில், உரிய முறையில் விசாரிக்காமல் அனுமதி கொடுக்கப்பட்டது என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றமே அவ்வனுமதியை ரத்து செய்தது. 2018-இல் புதிய அனுமதியை ஏற்றுக்கொண்டது. போவெஹி என்ற சொல்லுக்கு மேடையில் கைதட்டலும், அச்சொல்லின் மொழியில் பாட்டிமார் பாடிய பாடலுக்குச் சாலையில் கைவிலங்கும் ஒரே பருவத்தில் நடந்தன. பெயரைக் கொடுங்கள், மலையையும் கொடுங்கள் என்ற பேரம்தான் கௌரவம் என்ற சொல்லின் அடியில் ஓடுவது. பெயரிடும் உரிமையை மலைக்கான விலையாகக் கருதாதவரையில்தான் அது உரிமை.

இது எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று சொல்லவும் வழியில்லை. அந்த முப்பது மீட்டர்த் தொலைநோக்கித் திட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்தியாவினுடையது. 2014-இல் மத்திய அமைச்சரவை இதற்கென 1,299.8 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அதன் ஆடித்துண்டுகளில் ஒரு பகுதியை மெருகேற்றும் கூடம் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் இருக்கிறது. ஆடி எங்கே பொருத்தப்படப் போகிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பற்றி நம் இதழ்களில் எத்தனை பக்கம் எழுதப்பட்டது? பழங்குடியினரின் மலைகளைச் சுரங்கங்களுக்குக் கொடுப்பதை எதிர்த்துக் கையெழுத்திடும் எழுத்தாளர்கள்கூட, தொலைநோக்கி என்றதும் அறிவொளி என்று நெகிழ்ந்துபோகிறார்கள். தொலைநோக்கி சுரங்கமன்று, ஒத்துக்கொள்கிறேன். நிலத்தைக் கேட்காமல் எடுப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றே.

நிலைமை மாறாமல் இல்லை. 2022-இல் ஹவாய்ச் சட்டமன்றம் மலையை நிருவகிக்கப் புதிய ஆணையம் ஒன்றை அமைத்து, அதில் ஹவாயினத்தார்க்கு வாக்குரிமையுள்ள இடங்களை ஒதுக்கியது. 2024-இல் இரு தொலைநோக்கிகள் கழற்றி எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பிரௌனின் கால்டெக் நிறுவனத்தினுடையது. 2025-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, முப்பது மீட்டர்த் தொலைநோக்கியை விட்டுவிட்டு அதன் போட்டியான மெகல்லன் தொலைநோக்கியை மட்டும் இறுதி வடிவமைப்புக் கட்டத்துக்கு முன்னெடுத்தது. இவற்றையெல்லாம் நிகழ்த்தியது பெயர் சூட்டிய பெருந்தன்மையா, சாலையில் நாற்காலி போட்டு அமர்ந்த முதியவர்களின் பிடிவாதமா என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெயரை மாற்றச் சொல்லவில்லை நான். ஹௌமேயா என்ற பெயர் நிற்கட்டும். ஹவாய்ப் பிள்ளைகளே அதை இப்போது தங்கள் பாடத்தில் வாசிக்கக்கூடும். நான் கேட்பது சிறிய மாற்றம். அந்தப் பழைய மோதலில் சிதறிய ஹௌமேயாவின் மற்றப் பிள்ளைகள், கைப்பர் பட்டையில் கூட்டமாகச் சுற்றுபவை, பெரும்பாலும் இன்னும் எண்களாகவே இருக்கின்றன. 2017-இல் அதே ஓர்டிஸின் குழு ஹௌமேயாவைச் சுற்றி ஒரு வளையத்தையும் கண்டுபிடித்தது. இவற்றுக்கெல்லாம் ஒருநாள் பெயர் வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலைக் கலிபோர்னியாவுக்கும் கிரனடாவுக்கும் அனுப்பாமல் ஹீலோவுக்கு அனுப்புங்கள். அதுவரை, தமிழில் ஹௌமேயாவைப் பற்றி எழுதும் நண்பர்கள் 'கௌரவிக்கும் விதமாக' என்ற இரண்டு சொற்களை மட்டுமாவது நீக்கிவிட்டு எழுதலாம். வாக்கியம் அதனால் குறைபடாது.